ஒப்பீட்டுக் குழுவில் மாமன் மகள்

1

விதி பதினொன்று, உட்பிரிவு நான்கு: "ஆய்வில் பங்கேற்பவர் எவருடைய மூளைப் படத்திலும் எதிர்பாராத குறை ஏதேனும் தென்பட்டால், அது இருபத்தெட்டு நாட்களுக்குள் அவருக்கும் அவருடைய குடும்ப மருத்துவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்."

நல்ல விதி. வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நன்றாக என்னாலும் எழுதியிருக்க முடியாது. "தெரிவிக்கப்படலாம்" என்று இல்லை, "தெரிவிக்கப்படும்" என்று இருக்கிறது. "தகுதியுடையவருடைய" என்று இல்லை, "எவருடைய" என்று இருக்கிறது. ஓட்டை போட இடமே விடாமல் எழுதிய விதி. எனவே அது அமல்படுத்தப்படாது என்பதை முதல் வாசிப்பிலேயே நான் ஊகித்திருக்க வேண்டும்.

என் மனைவி வசந்தாவின் மூளையை ஐப்பசி மாதத்தில் படம் எடுத்தார்கள். இரண்டாவது வாரமே ஒரு கடிதம் வந்தது. படத்தில் ஏதோ தென்படுகிறது, மருத்துவர் விவரமாக எழுதுவார், அதுவரை கவலைப்பட வேண்டாம் என்று அதில் இருந்தது. மருத்துவரின் கடிதம் வரவில்லை. ஏதோ இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்; என்ன இருக்கிறது என்பது ஒரு கணினிக்கு மட்டும் தெரியும். ஏன் அப்படி ஆயிற்று என்றால், நாங்கள் இருவரும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பெரியவர்கள் பார்த்து முறைப்படி கல்யாணம் செய்துகொண்டதால்.

2

நாங்கள் இருப்பது கனடாவில், ஒரு பெரிய ஏரிக்கரை ஊரில். ஒரே மகள் அருணா இங்கே வேலைக்கு வந்தாள், நிலைத்துவிட்டாள். பெற்றோரை அழைத்துக்கொள்ள அவள் விண்ணப்பித்தாள். கனடா அரசு பெற்றோர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு எல்லாம் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள்; பெயர் விழுந்தது, வந்தோம்.

இங்கே என் அலுவல்கள் கடுமையானவை. திங்கட்கிழமை மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, அடுத்த திங்கட்கிழமை மறுசுழற்சிக்கு நீலத் தொட்டி. பால் டப்பாவைக் கழுவாமல் நீலத்தில் போட்டால் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்கள், மேல்முறையீடு கிடையாது. பேருந்தில் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்ல வேண்டும். இது நாக்கில் ஏறிவிட்டது. போன முறை காஞ்சிபுரம் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் பேருந்திலிருந்து இறங்கும்போது நடத்துநருக்கு "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், சில்லறை பாக்கியா?" என்றார்.

மாத்திரைச் சீட்டு வாங்கக் குடும்ப மருத்துவரிடம் காத்திருந்தபோதுதான் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். "உங்கள் குடும்பத்தில் அறுபது வயதுக்குள் பக்கவாதம் வந்தவர்கள் உண்டா? மூளையின் நுண்குருதிக் குழாய் நோய் பற்றிய ஆய்வுக்கு முன்வாருங்கள்."

உண்டு. என் அம்மாவுக்கு வந்தது. அம்மாவின் தம்பி கச்சபேஸ்வரன் மாமாவுக்கும் வந்தது. அவர்களுடைய அப்பாவுக்கும் பேச்சு குழறிக் கால் இழுத்ததாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஊர் சொன்ன காரணம் ஒன்றே: கண்ணேறு. அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கண் வைக்கும் அளவுக்கு என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நோயை எனக்கு நானே இப்படி விளக்கிக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் நான்கு ராஜவீதிகளும் விசாலமானவை. தேரே திரும்பும். ஆனால் தண்ணீர் லாரி ராஜவீதியில் நின்று பயனில்லை. பிள்ளையார்பாளையத்துச் சந்துக்குள் நுழைய வேண்டும். சந்தை யாரோ அடைத்துவிட்டால், ராஜவீதி எவ்வளவு அகலமாக இருந்தாலும் சந்திலிருக்கும் வீடுகள் வறண்டுபோகும். மூளையிலும் அப்படித்தான். தலைமயிரைவிட மெல்லிய குழாய்கள் தடித்து, இறுகி, அடைத்துக்கொள்கின்றன. அங்கங்கே சிறு சிறு இடங்கள் பட்டுப்போகின்றன. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. பெரும்பாலோருக்கு இது ரத்த அழுத்தத்தாலும் வயதாலும் வருகிறது. சில குடும்பங்களில் மட்டும் ஒரு மரபணுப் பிழை தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு சரிபாதி.

என்னைச் சந்தேகக் குடும்பத்துக்காரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். வசந்தாவை ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கலாம் என்றார் ஆய்வுச் செவிலியர் ஷெரில். ஒரே வீடு, ஒரே உப்பு, ஒரே எண்ணெய், ஆனால் வேறு ரத்தம். நோயாளியோடு ஒப்பிட்டுப் பார்க்க வாழ்க்கைத் துணையைவிடச் சிறந்த ஆள் இல்லையாம். பிறகு படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் இருவரும் ரத்த உறவா?"

"இல்லை" என்றோம், இருவரும் ஒரே குரலில்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. வசந்தா என் மாமன் மகள். எங்கள் பக்கத்தில் ரத்தம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் காரியம் முடியும்வரை தீட்டு. மாமன் வீட்டில் விழுந்தால் தலை முழுகிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பெரியப்பா மகளைக் கட்டிக்கொள்வதை நினைத்தாலே காது பொத்துவோம். மாமன் மகளைக் கட்டிக்கொள்ளாவிட்டால்தான் பஞ்சாயத்து. வாரிசுச் சான்றிதழ்களில் பாதி வாழ்நாள் கையெழுத்துப் போட்ட எனக்கு உறவுகளின் பெயரும் தரமும் மனப்பாடம். அந்தப் பட்டியலின்படி என் மனைவி எனக்கு முறை, ரத்தம் இல்லை.

சோதனைகளை வசந்தா சிறப்பாக முடித்தாள். படமெடுக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் பலர் பயந்து வெளியே வந்துவிடுவார்களாம். இரண்டு தறி ஓடும் வீட்டில் பிறந்தவள், உள்ளே போனதும் தூங்கிவிட்டாள். குறட்டையில் தலை அசைந்ததால் மறுபடி எடுத்தார்கள்.

நினைவுச் சோதனைக்குத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வந்தார், யாழ்ப்பாணத்துப் பெண். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளையெல்லாம் சொல்ல வேண்டும். வசந்தா கண்ணை மூடிக்கொண்டு பங்குனித் திருவிழாவின் வாகனங்களை வரிசையாக ஒப்பித்தாள். சிம்மம், நாகம், ரிஷபம், யானை, குதிரை, மான், பூதம், ராவணன்.

"அம்மா, ராவணன் மிருகமோ?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சாமி அவர் மேலதாம்மா வருது."

மொழிபெயர்ப்பாளர் ஷெரிலிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மதிப்பெண் முழுதாக வந்தது. நாட்டை விட்டு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத்தான் வேண்டும்.

3

இனி மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தாவின் அண்ணன் ஏகாம்பரம், எனக்கு மச்சான், கச்சபேஸ்வரன் மாமாவின் ஒரே மகன். காஞ்சிபுரத்தில் சுற்றுலா வேன் வந்து நிற்கும் இடத்தில் கதவு திறப்பதற்குள் உள்ளே தலையை நீட்டி, வந்தவர்களைப் பட்டுக் கடைக்குக் கூட்டிப் போய்க் கமிஷன் வாங்குவதே அவருக்கு வாழ்நாள் தொழில். ஓடும் வேனோடு ஓடி ஐந்து மொழிகளில் தள்ளுபடி சொல்வார். போட்டிக் கமிஷன்காரர்களோடு நாளுக்கு இரண்டு சண்டை, வீட்டில் ஒன்று.

போன முறை போனபோது அவர் ஒரு சிவன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். கோயிலின் பெயர் வேண்டாம்; காஞ்சியில் பெயர் சொல்லாமல் கோயில் என்றால் யாரும் கோபிக்க முடியாது, அத்தனை இருக்கின்றன. முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரு தம்பதி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

"இன்னா மச்சான், சாமியார் ஆயிட்டியாமே?"

அவர் என்னைப் பார்த்தார். பதில் வர நேரமாயிற்று. "நான் எங்க மாப்ள ஆனேன்? காலு வலிக்குதேன்னு தூண் ஓரமா ஒக்காந்தேன். எழுந்துக்கலாம்னா காலு தரையில ஒட்டிக்கினு வர மாட்டேங்குது. சரி, வரும்போது வரட்டும்னு இருந்தேன். ஒருத்தன் பழம் வெச்சான். அவனப் பாத்து இன்னொருத்தன் வெச்சான்."

"வேணாம்னு சொல்றதுதானே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் தோணல."

அவருடைய மனைவி சரோஜா என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள். "கல்யாணம் ஆன நாள்லர்ந்து எங்கூட சண்ட போடாத நாள் கெடையாதுண்ணா. இப்ப எத்தினியோ மாசமா ஒரு வார்த்த இல்ல. கொழம்புல உப்பே போடாம வெச்சிப் பாத்தேன். சாப்ட்டுட்டுக் கை கழுவிக்கினு போய்ட்டாரு. பக்குவம் வந்துடுச்சு, பற்று அறுந்துடுச்சுன்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் பயமா இருக்குது."

நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். வயதானால் ஆண்கள் அடங்குவார்கள் என்றேன். படித்தவன் சொன்னதால் அவளும் தலையாட்டினாள். கனடா திரும்பி, ஆய்வில் சேர்ந்து, ஷெரில் தந்த சிறு புத்தகத்தைப் படித்தபோதுதான் உறைத்தது. குறுகிய அடிகளில் தேய்த்து நடப்பது, தரையில் கால் ஒட்டியதுபோல் நின்றுவிடுவது, பதில் தாமதமாவது, ஆர்வம் வற்றிப்போவது. சோம்பலும் அல்ல, துக்கமும் அல்ல. முன்மூளைக்குப் போகும் நரம்பு வழிகள் அறுபடுவதால் வருவது. மற்ற ஊர்களில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். எங்களுடையது கோயில் ஊர். ஆசை அற்றுப் போனவரைக் கண்டால் நாங்கள் கற்பூரம் ஏற்றிவிடுவோம்.

4

கார்த்திகையில் ஷெரில் மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். குடும்ப மரம் வரைய வேண்டுமாம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இந்த வேலையில் என்னை மிஞ்சியவர் கிடையாது என்பதால் நான் அவரை ஓட ஓட விரட்டினேன். என் அம்மா, அவர் தம்பி, பெயர் கச்சபேஸ்வரன். அந்தப் பெயரைத் தட்டச்சு செய்ய அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆயிற்று.

பிறகு ஒப்பீட்டுக் குழுவின் படிவத்தைத் திறந்து வசந்தா பக்கம் திரும்பினார். "உங்கள் அப்பாவின் பெயர்?"

"கச்சபேஸ்வரன்."

வேறு பெயராக இருந்தால் மறந்திருப்பார். ஷெரிலின் விரல்கள் நின்றன. "அது அங்கே வழக்கமான பெயரா?"

"இல்லை, அதே ஆள்தான்" என்றேன். அடுப்படியில் அருணா கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. ஷெரிலுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, எங்கள் தாத்தாவும் அவருடைய மாமன் மகளைத்தான் கட்டினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மென்பொருள் சிவப்புக் கட்டம் காட்டியது. ஒரு நபர் இரண்டு இடங்களில் இருக்க முடியாதாம். எங்கள் குடும்பத்தில் அவர் கடைசிவரை அப்படித்தான் இருந்தார். எனக்கு மாமா, மாமனார் இரண்டுக்கும் தனித்தனியாகச் சீர் வாங்கினார்.

ஷெரில் போனதும் அருணா வந்தாள். "அப்பா, 'கசின்ஸ்'னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம் இல்ல?"

"கசின் இல்லம்மா. முறை."

"சயின்ஸுக்கு முறை தெரியாதுப்பா."

சண்டையின் நடுவில் அவள் ஆங்கிலத்துக்கு மாறினால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம். மாறினாள். எங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிய வேண்டாம் என்றாள். என்னிடம் இருந்தால் அவளிடம் பாதி வாய்ப்பு. அம்மாவிடமும் இருந்தால் இன்னும் மோசம். தெரிந்துகொண்டு செய்வதற்கு மருந்தும் இல்லை. என்னுடைய ரத்தச் சோதனை முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான் ஏற்கெனவே படிவத்தின் கட்டத்தில் குறியிட்டிருந்தேன்; அவளுக்காகத்தான். எங்கள் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. இங்கே தகவல் அறியாமலிருக்கும் உரிமையும் உண்டு. பின்னது நன்றாகவே வேலை செய்கிறது.

வசந்தா அவள் பேசி முடிக்கும்வரை கேட்டாள். "உனக்குச் சொல்ல வேணாம்மா. நான் சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்குத் தெரியணும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் மாதிரி நானும் ஒரு நாள் ஒக்காந்துடுவேனா மாமா? அப்டின்னா இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. போட வேண்டிய சண்டையெல்லாம் போட்டு முடிச்சிக்கிறேன்."

5

மருத்துவரின் கடிதத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. வசந்தா ஒப்பீட்டுக் குழுவில் இருக்கத் தகுதியற்றவர். எனவே நீக்கப்படுகிறார். நீக்கப்பட்டவரின் படங்களை எவரும் திறந்து பார்க்க இயலாது. பங்களிப்புக்கு நன்றி.

இது எனக்குப் பழக்கமான நிலம். உட்கார்ந்து எழுதினேன். பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு. படம் எடுத்த நாளில் மனுதாரர் பங்கேற்பாளரே. ஆகவே விதி பதினொன்று பொருந்தும். பதில்: இன்றைய தேதியில் அவர் பங்கேற்பாளர் அல்லர். என் மறுப்பு: குறை தென்பட்ட தேதியே முக்கியம். பதில்: இரண்டாவது மருத்துவர் பார்த்து உறுதி செய்தால்தான் அது குறை, அவர் பார்ப்பதற்குள் படம் பூட்டப்பட்டுவிட்டது. பீரோவுக்குள் கோப்பு, கோப்புக்குள் அந்தப் பீரோவின் சாவி. முப்பது வருடம் மற்றவர்களை நிற்க வைத்த வரிசையில் நானே நின்று, அடுத்தவன் வேலையின் சுத்தத்தை ரசித்தேன்.

அருணா என் கடிதங்களைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "தாழ்மையுடன் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்னு எழுதியிருக்கீங்க. இங்க அப்படி எழுதினா, பின்னாடி வக்கீல் நோட்டீஸ் வருதுன்னு நெனப்பாங்க."

"நினைக்கட்டும்."

நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு, மேலதிகாரிக்கு நகல். ஒவ்வொன்றுக்கும் அந்த நொடியே பதில் வந்தது: உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு முக்கியமானது. இவ்வளவு வேகமாக இவ்வளவு மரியாதையாக ஒன்றும் செய்யாமலிருக்க எங்கள் ஆட்கள் இன்னும் கற்க வேண்டும்.

குடும்ப மருத்துவரிடம் போனோம். அவருடைய அறைக் கதவில் "ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினை மட்டும்" என்று எழுதியிருக்கும். ஆய்வுப் படம் அவர் கணினியில் வராது. அறிகுறி இல்லாதவருக்குப் புதிதாகப் படம் எடுக்க வரிசை நீளம். ரத்த அழுத்தம் பார்த்தார், கூடுதலாக இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றார். "தல கனமா இருக்கிற அன்னிக்கு" என்றாள் வசந்தா. ஊரிலிருந்து வரும்போது மொத்தமாக வாங்கி வந்த மாத்திரை. தீர்ந்துவிடுமே என்று பாதி பாதியாக உடைத்து வைத்திருந்தாள். அவர் அதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது நேரம் முடிந்துவிட்டது. அது இரண்டாவது பிரச்சினை.

கடைசியில் வழி சொன்னவர் ஷெரில்தான். அலுவலகத்துக்கு வெளியே வந்து தொலைபேசியில் பேசினார் என்று நினைக்கிறேன், காற்று இரைந்தது. சந்தேகக் குடும்பங்களுக்கான சேர்க்கை முடிந்துவிட்டது. நோய் உறுதியான குடும்பங்களுக்குச் சேர்க்கை இன்னும் திறந்திருக்கிறது. வசந்தாவுடன் பிறந்தவர் எவருக்காவது படத்திலும் ரத்தத்திலும் நோய் உறுதியானால், வசந்தாவை அந்தக் குழுவில் புதிதாகச் சேர்க்கலாம். சேர்ந்துவிட்டால் பழைய படமும் திறக்கும்.

உடன்பிறந்தவர் ஒருவர்தான். அவர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

6

காணொளி அழைப்பில் சரோஜா கைபேசியைப் பிடித்துக்கொள்ள, மச்சான் விபூதியோடு தெரிந்தார்.

"எனக்கு எதுக்குபா ஸ்கேனு? நல்லாத்தான இருக்கேன். பழம் வருது, பொங்கல் வருது."

"மச்சான், சும்மா படுத்துக்கினு இருந்தா போதும். மெஷினு படம் புடிச்சிடும். உள்ள இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"உள்ள ஒண்ணுமே இல்லன்னு வந்துடுச்சுன்னா? ஊர்ல மானம் போயிடும் மாப்ள."

"இப்ப மட்டும் ரொம்ப இருக்குதாக்கும்" என்றாள் சரோஜா, படத்துக்கு வெளியிலிருந்து. முன்பென்றால் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கும். மச்சான் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

நான் சட்டநிலையை விளக்க ஆரம்பித்தேன். உறுதியான குடும்பம், சந்தேகக் குடும்பம், உட்பிரிவு. வசந்தா கைபேசியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, உனக்காக வேணாம், எனக்காகப் போ. என் மண்டைக்குள்ள என்னமோ இருக்குதுன்னு இவங்க பாத்துட்டாங்க. இன்னான்னு சொல்ல மாட்டேங்கறாங்க. உன் மண்டையக் காட்டினாத்தான் என்னுத காட்டுவாங்களாம்."

அவர் முகம் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டது என்று நினைத்துத் துண்டிக்கப் போனேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒனக்குமா?" என்றார் வெகுநேரம் கழித்து.

"தெரியலண்ணா. அதத்தான் கேக்கறேன்."

"சரோஜா," என்றார், "அந்த வெள்ள சட்டைய எடுத்து வை. எப்ப போவணும்?"

7

சென்னையில் மச்சானுக்குப் படம் எடுத்தார்கள், ரத்தமும் கொடுத்தார். மூளை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு, எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டாராம். மேகம் கவிந்ததுபோல் இரண்டு பக்கமும் வெண்மை, நடுநடுவே பட்டுப்போன சிறு புள்ளிகள். சில வாரங்களில் மரபணு அறிக்கையும் வந்தது. பிழை இருக்கிறது. என் அம்மாவையும் கச்சபேஸ்வரன் மாமாவையும் கொண்டுபோனது கண்ணேறு அல்ல என்பது அதிகாரபூர்வமாயிற்று.

"டாக்டருங்க எல்லாத்துக்கும் ஒரு பேரு வெச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஊர் மறுபடியும் பழம் வைத்தது. இந்த முறை சரோஜா மண்டபத்துக்கே போய் மச்சானுக்கு முன்னால் நின்றுகொண்டாளாம். "அவருக்கு ஒடம்பு சரியில்ல. கும்புடாதீங்க. புண்ணியம் வேணும்னா கையப் புடிச்சி ஒரு சுத்து நடக்க வைங்க." பிறகு ஒருவர் வந்து கையைப் பிடித்தார். இப்போது தினமும் காலையில் பிராகாரத்தை யாராவது ஒருவர் துணையோடு அவர் சுற்றி வருகிறார். அதற்குப் பலன் உண்டு என்று பேச்சு பரவி, பிரதோஷத்தன்று கை பிடிக்கப் போட்டியாம். நடையைக் கைவிடக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை இதைவிட ஒழுங்காக வேறெந்த ஊரும் நிறைவேற்றாது.

வசந்தா புதிய ஒப்புதலில் கையெழுத்திட்டாள், ரத்தம் கொடுத்தாள். பனி உருகியது, ஏரிக்கரையில் வாத்துகள் திரும்பி வந்தன, நீலத் தொட்டி பச்சைத் தொட்டி மாறி மாறிப் போயின. அவள் ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்போம். நான் ஏதாவது கேட்டு அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் அதையே மறுபடி கேட்பேன். ஒரு முறை, "வேணும்னுதான் பேசாம இருக்கேன், கோவமா இருக்கேன்" என்றாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் கோபம் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

பிறகு தபாலில் உறை வந்தது. அருணா வேலைக்குப் போயிருந்தாள். வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "படிங்க" என்றாள்.

மூன்று பத்திகள். முதல் பத்தி: அண்ணனிடம் உள்ள மரபணுப் பிழை வசந்தாவிடம் இல்லை. இரண்டாம் பத்தி: படத்தில் தென்பட்ட புள்ளிகள் நெடுநாள் ரத்த அழுத்தத்தால் வரும் சாதாரண வகை, மாத்திரையைத் தவறாமல் முழுதாக எடுத்துக்கொண்டால் மேலும் பெருகாமல் தடுக்கலாம், குடும்ப மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. அதாவது, இருபத்தெட்டு நாட்களில் ஒரு வரியில் சொல்லியிருக்கக் கூடியது. மூன்றாம் பத்தி: பிழை இல்லாத குடும்ப உறுப்பினர் என்ற முறையில் அவர் ஒப்பீட்டுக் குழுவில் சேர முழுத் தகுதி பெறுகிறார், படிவம் இணைக்கப்பட்டுள்ளது.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்றாள். "ரத்தம் இல்லன்னு."

சிரித்தபடிதான் அண்ணனை அழைத்தாள். அவர் முகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கு இருக்கிறது, தனக்கு இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிக்காமலே அழைத்துவிட்டாள். "அண்ணா, பதிலு வந்துடுச்சு. எனக்கு அது இல்லியாம். பிரஷர்தானாம்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"அப்ப அப்பா சொத்து மொத்தமும் எனக்கு மட்டும்தானா?" என்றார். "பொட்டப் புள்ளைக்கு ஒண்ணும் எழுதி வெக்கலியா?"

"இல்லண்ணா."

"கேஸு கீஸு போட மாட்டியே?"

"போட மாட்டேண்ணா. நீயே வெச்சிக்கோ" என்றவள், கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐப்பசியில் எடுத்த படத்துக்கு இருபத்தெட்டு நாட்களுக்குள் வர வேண்டிய அந்தக் கடிதம் எங்கள் கைக்கு வந்த தேதி, ஆடி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.